பச்சையில் அறுத்த புல்

அத்தியாயம் 11

அன்று காலை ஹா மோலேலே ஊரின் கூரைகள் எல்லாம் வெளுத்திருந்தன, ஒன்றைத் தவிர.

இரவெல்லாம் விழுந்த உறைபனி புல்கூரைகளின் மேல் மாவு தூவியதுபோல் படிந்திருந்தது. வறட்டிக் கூடையோடு வெளியே வந்த மாதூமோ, முதுகில் தூங்கும் குழந்தையைக் கம்பளியால் இழுத்துக் கட்டிக்கொண்டு, தங்கள் வட்டக் குடிசையை அண்ணாந்து பார்த்தாள். வடக்குப் பக்கம் ஊரோடு சேர்ந்து வெளுத்திருந்தது. தெற்குப் பக்கம் மட்டும் வியர்த்த மாட்டின் முதுகுபோலக் கறுத்து, ஈரமாக மின்னியது. உள்ளே மூட்டிய நெருப்பின் சூடு அந்த வழியாகத்தான் வெளியேறிக்கொண்டிருந்தது. பனியால் அங்கே தங்க முடியவில்லை.

"பாத்தியா?" மாமியாரின் குரல் பின்னாலிருந்து வந்தது. "ராத்திரி பூரா வறட்டிய எரிச்சு ஆகாசத்தச் சூடு பண்ணியிருக்கோம். பாவம், அதுக்கும் குளிருமில்ல."

மாதூமோ கூடையை இறக்கிவைத்தாள்.

மகளின் கடிதம் வந்த நாளிலிருந்தே மாமியார் இப்படித்தான் இருந்தாள். கெனுவே எழுதிய அந்த நாலு வரியை இந்தக் கதையோடு நடந்து வருபவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். போன வருடம் சமவெளியில், கணவன் வீட்டுத் தகரக் கூரையின் கீழ், குறைமாதத்தில் பிறந்த முதல் பிள்ளை ஏழே நாளில் குளிர் தாங்காமல் போய்விட்டது. இந்த முறை தாய் வீட்டுக்கு வருகிறேன், புல்கூரைக்குக் கீழேதான் பெறுவேன், புதன்கிழமை வண்டியில் ஏறுகிறேன் என்று எழுதியிருந்தாள். இன்று திங்கள். வியாழன் அல்லது வெள்ளியில் மலோட்டி மலைகளில் பனி கொட்டும் என்று தலைநகர் மசேருவின் வானொலி நேற்றே சொல்லிவிட்டது.

நெருப்பு மூட்டக்கூடிய பெரிய குடிசை வீட்டில் இது ஒன்றுதான். இதன் கூரை இப்படி இருந்தது.

மாமியார் குனிந்து உள்ளே போனாள். மாதூமோவும் பின்னால் போனாள். உள்ளே கணவன் செகோபே ஏற்கெனவே ஒரு பெட்டிமேல் ஏறி நின்று, கூரையின் அடிப்பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தான்.

"சொல்லுடா மகனே. எவ்வளவு மோசம்?"

"புகையப் பாருங்கம்மா," என்றான் அவன். "நல்ல கூரைன்னா எல்லாப் பக்கமும் சமமா மூச்சு விடும். இங்க மொத்தப் புகையும் தெக்கால போய் ஒரே இடத்துல வெளிய போகுது."

"சுவத்துல பழுப்புக் கோடு இறங்கியிருக்கு. அதுவும் தெக்கால."

"பாத்தேன்."

"சிட்டுக்குருவி புல்ல உருவிக்கிட்டுப் போகுது. போன வாரம் பூரா. உருவ வருதுன்னா பிடிப்பு இல்லைன்னு அர்த்தம். குருவிக்குத் தெரிஞ்சது நமக்குத் தெரியல."

"அம்மா, பாத்துட்டேன்னு சொல்றேன்ல."

"கைய வுட்டுப் பாத்தியா?"

அவன் கையை மடக்கிப் புல்லுக்குள் அழுத்தினான். மணிக்கட்டு வரை எதிர்ப்பே இல்லாமல் போயிற்று. மூன்று பேரும் அந்தக் கையையே பார்த்தார்கள்.

"என் கட்டுதான் விட்டுக் குடுத்திருக்கு," என்றான் செகோபே. "தெக்குப் பக்கம் பூரா, இருக்கற புல்லையே தட்டிச் சேத்து, புதுக் கயிறு போட்டுத் தைக்கறேன். ரெண்டு நாள்ல முடிச்சிடலாம்."

"புதுப் புல்லு?"

"புல்லுக்கு எங்க போறது? மேட்டுக்காட்ட ஊர்த் தலைவியம்மா இன்னும் அறுப்புக்குத் திறக்கல. மூணு கடும்பனி விழுந்து புல்லுக் கணு மஞ்சளாகணும். இன்னிக்கு ரெண்டாவதுதான்."

மாதூமோ அடுப்பில் கூழை வைத்தாள். கணவன் சொன்னது தவறு என்று அந்த வீட்டில் அவள் ஒருத்திக்கு மட்டும் தெரியும்.

*

சாப்பிட்டு முடிந்ததும் குழந்தையை மாமியாரிடம் விட்டார்கள். செகோபே ஏணி வைத்து வெளியே கூரைமேல் ஏறினான். மாதூமோ உள்ளே பெட்டிமேல் நின்றாள். கூரை தைப்பது ஓராள் வேலையில்லை. வெளியே இருப்பவர் முழ நீளக் கம்பி ஊசியில் கயிறு கோத்துப் புல்லுக்குள் செலுத்துவார். உள்ளே இருப்பவர் அதை வாங்கி, மூங்கில் பட்டியைச் சுற்றித் திருப்பி அனுப்புவார். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. குரல் மட்டும் புல்லின் ஊடாக வரும்.

அவன் மேலே ஏறி உட்காரும் முன்பே, வழியில் மாடு ஓட்டிப் போன ராமோசாவின் குரல் கேட்டது.

"என்னப்பா செகோபே! கூரையத் தைக்கறியா, சல்லடையத் தைக்கறியா?"

"ரெண்டுமில்ல அண்ணே. உங்க வாயத் தைக்கத்தான் ஊசி தேடிக்கிட்டிருக்கேன்."

"தை தை. ஆனா அதுவும் ஒரு மழைக்குப் பிரிஞ்சிடும்!"

ராமோசா சிரித்தபடி போய்விட்டான். இந்த ஊரில் நாலு கூரை போட்டவன் செகோபே. ஐந்தாவதாகத் தன் சொந்தக் கூரையைப் போட்டான். முதல் மழைக்கே அது ஒழுகிய பிறகு யாரும் அவனை அழைக்கவில்லை. வாத்தியார் வீட்டுக் கூரைக்கு வாய்ச்சொல் கொடுத்திருந்தார்கள். அதையும் பக்கத்து ஊர்க்காரனுக்கு மாற்றிவிட்டார்கள். அவன் அதைப்பற்றி வீட்டில் ஒரு வார்த்தையும் பேசியதில்லை.

ஊசியின் முனை புல்லைத் துளைத்து உள்ளே எட்டிப் பார்த்தது.

"வந்துச்சா?"

"வந்துச்சு."

அவள் வாங்கி, சுற்றி, திருப்பினாள். கயிறு இறுகியது. மறுபடி ஊசி.

"வந்துச்சா?"

"வந்துச்சு."

அவள் கண்முன்னே ஒரு சாண் தூரத்தில் இருந்தன அந்தப் புல் தாள்கள். வடக்குப் பக்கத்துத் தாள் தேன் நிறத்தில் விறைப்பாக இருந்தது. இந்தப் பக்கத்துத் தாள் கறுத்துச் சோர்ந்து, விரலால் நெருடினால் பொடியானது. இடையிடையே சிலந்தி நூல்போல் வெள்ளைப் பூஞ்சை. இதை எவ்வளவு இறுக்கித் தைத்தாலும் ஈரப் பனியின் பாரத்தைத் தாங்காது என்று அவளுக்குத் தெரிந்தது. அந்தப் பாரம் யாருடைய பாயின்மேல் இறங்கும் என்பதும் தெரிந்தது.

"விசித்திரமா இருக்கு," என்றான் செகோபே வெளியிலிருந்து. "கயிறு ஒண்ணுகூட அறுந்து போகல. முடிச்சு எல்லாம் போட்டது போட்டபடி இருக்கு. அப்புறம் எப்படித் தளர்ந்துச்சுன்னே புரியல."

அவள் ஊசியைத் திருப்பி அனுப்பினாள்.

"ஒண்ணு சொல்லட்டா? சிரிக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"இந்தப் பக்கம் நான் தைச்ச வாரந்தான் தூமோ பொறந்த சேதி வந்துச்சு. நீ உங்கம்மா வீட்ல இருந்தே. எனக்குக் கால் தரையில நிக்கல. கூரைமேல உக்காந்து பாடிக்கிட்டே தைச்சேன். கவனம் பூரா உங்கிட்டயும் பையங்கிட்டயும்தான். கை அவசரப்பட்டிருக்கும். அதான். வேற காரணம் கிடையாது." ஊசி மீண்டும் உள்ளே நுழையத் தொடங்கியது. "சந்தோஷத்துல கெட்டுப்போன கூரைன்னு வச்சுக்கலாம்."

மாதூமோ கண்ணை மூடிக்கொண்டாள். தினமும் காலையில் முழந்தாளிட்டுச் சொல்லும் ஜெபத்தில், எங்கள் பிழைகளை மன்னியும் என்ற இடத்தை இரண்டு வருடமாக அவள் வேகமாகத் தாண்டிப் போவாள். இன்று தாண்ட முடியவில்லை.

"தூமோ அப்பா."

"ம்?"

"உங்க கட்டுல தப்பில்ல. புல்லுதான் தப்பு."

"புல்லா? இந்தப் பக்கம் போட்டது உங்க ஊர்லேர்ந்து வந்த நாப்பது கட்டு. நல்ல புல்லுதானே."

"அது எங்க ஊரு புல்லு இல்ல."

ஊசி பாதி வழியில் நின்றது. அதன் முனை அவள் முகத்துக்கு நேரே இருந்தது.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று பயந்து நிறுத்தாமல் சொன்னாள். கூரைப்புல் அறுப்பது பெண்கள் வேலை. அந்த வருடம் மாமியாருக்கு மணிக்கட்டு பிசகியிருந்தது. தலைவி மேட்டுக்காட்டைத் திறப்பது குளிர்காலம் வந்த பிறகு, ஜூனில். முதல் பிரசவத்துக்காகத் தான் மே மாதமே தாய் வீட்டுக்குப் போயாக வேண்டும். புது மருமகள், வந்த வருடமே வீட்டைக் கூரையில்லாமல் விட்டுப் போனாள் என்று பேர் வந்துவிடக்கூடாது. அதனால் ஏப்ரலில், பொழுது சாயும் நேரங்களில், யாருக்கும் தெரியாமல், ஓடைக்கு மேலே பாறைக்குப் பின்னால் பச்சையாக நின்ற புல்லை அறுத்தாள். மாட்டுப்பட்டிச் சுவருக்குப் பின்னால் உலரப் போட்டாள். மாமியார் கோயிலுக்குப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை வாசலில் அடுக்கிவைத்து, தன் தாய்மாமா கழுதைமேல் ஏற்றி அனுப்பினார் என்று அன்று வீட்டாரை நம்பவைத்தாள்.

"காஞ்சப்புறம் மத்தப் புல்லு மாதிரியே மஞ்சளா இருந்துச்சு. ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன். ஒழுக ஆரம்பிச்சப்ப... எல்லாரும் உங்களச் சொன்னப்ப... அன்னைக்கே சொல்லியிருக்கணும். சொல்லல. இப்ப நீங்க இதையே திருப்பித் தைச்சா கெனுவே மேல விழும். அதான் சொல்றேன்."

பாதி நுழைந்திருந்த ஊசி மெதுவாகப் பின்வாங்கியது. முனை மறைந்தது. அது இருந்த இடத்தில் ஒரு சிறு துளை நின்றது. அதன் வழியே வானம் தெரிந்தது.

ஏணியில் காலடி இறங்கும் சத்தம் கேட்டது. அவள் வெளியே வந்தபோது செகோபே கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு மாட்டுப்பட்டி பக்கம் நடந்துகொண்டிருந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

*

சுவரோரம் வெயிலில் பேரனை மடியில் வைத்திருந்த மாமியார் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். புல்கூரை எதையும் மறைத்துவைக்காது.

"கோழி," என்றாள் மாமியார்.

"அம்மா?"

"அந்த நாப்பது கட்டுக்கு நன்றின்னு சொல்லி உங்கம்மாவுக்கு ஒரு கோழி அனுப்பினேன். முட்டை போடற கோழி. கறுப்புக் கோழி. உங்கம்மா என்ன நினைச்சுக்கிட்டா?"

"பேரன் பொறந்ததுக்குன்னு நினைச்சுட்டாங்க."

"கோயில்ல வேற எழுந்து நின்னு சொன்னேன், சம்பந்தி வீடுன்னா இப்படியில்ல இருக்கணும்னு." மாமியார் தலையைக் குலுக்கிக்கொண்டாள். கோபம் இருந்தது. ஆனால் அவள் பார்வை மருமகளின் கைமேல் போய் நின்றது. ஊசி வாங்கி வாங்கி விரல் நுனிகள் சிவந்திருந்தன. "எத்தன மாசம் அப்ப உனக்கு?"

"ஆறு."

"ஆறு மாச வயித்தோட மேட்டுக்காட்ல குனிஞ்சு நாப்பது கட்டு. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, கூரை அடுத்த வருஷம் போட்டுக்கலாம்னு சொல்லியிருப்பேனே, முட்டாப் பொண்ணே." பேரனைத் தூக்கி முதுகில் கட்டிக்கொண்டாள். "முகத்தக் கழுவு. தலைவியம்மாகிட்ட போகலாம். திட்டு வாங்கறதுதான் வாங்கற, வெயில் இருக்கறப்பவே வாங்கிக்கலாம்."

தலைவி தன் வீட்டின் வடக்குச் சுவரில் சாய்ந்து, ஆட்டு உரோமத்தைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். கணவர் இறந்த பிறகு, மகன் பெரியவனாகும் வரை ஊரைப் பார்த்துக்கொள்பவள். அதிகம் பேசமாட்டாள். மாதூமோ சொல்லி முடிக்கும் வரை கை உரோமத்திலேயே இருந்தது.

"எந்தப் பக்கம் அறுத்தே?"

"ஓடைக்கு மேல. பெரிய பாறைக்குப் பின்னால, தலைவியம்மா."

சிக்கெடுத்த கை நின்றது. "அது நீதானா?"

"ஆமாம்மா."

"ராமோசாவோட மாடு மேஞ்சிடுச்சுன்னு நினைச்சு அந்தாளக் கூட்டத்துல நிக்க வச்சுத் திட்டினேனே. இல்லவே இல்லைன்னு சத்தியம் பண்ணினான். நான் நம்பல." தலைவி நெடுநேரம் எதிர்மலையைப் பார்த்தாள். "ஆக, இதுல நானும் ஒருத்தருக்குக் கடமைப்பட்டிருக்கேன்."

மாதூமோவுக்கு இது தெரியாது. அப்போது அவள் தாய் வீட்டில் இருந்தாள். ஒரு பிழையைத் தன் வீட்டுக்குள் பூட்டிவைத்திருப்பதாகத்தான் இத்தனை நாளும் அவள் நினைத்திருந்தாள். அது எப்போதோ வெளியேறி, இன்னொருவர் வாசலில் போய் உட்கார்ந்திருந்தது.

"காட்டத் திறக்க முடியாது," என்றாள் தலைவி. "உனக்காகத் திறந்தா அடுத்த வருஷம் பத்துப் பேர் பச்சையில அறுப்பாங்க. ஆனா போன வருஷப் புல்லு வீட்டுக்கு வீடு ரெண்டு கட்டு, மூணு கட்டு மிச்சம் இருக்கும். போய்க் கேளு."

"கேக்கறேன்மா."

"வாசல் வாசலாக் கேளு. கேக்கற ஒவ்வொரு வாசல்லயும் எதுக்குன்னு சொல்லிக் கேளு. உன் புருஷன் தைச்சதுல குத்தமில்லைன்னும் சேத்துச் சொல்லு. அத நான் சொன்னா தீர்ப்பு. நீ சொன்னாத்தான் நம்புவாங்க." அவள் எழுந்தாள். "தண்டனை என்னங்கறத ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு, கூட்டத்துல பேசுவோம். அது வேற, இது வேற."

பிறகு தலைவி தன் சமையல் குடிசைக்குப் போய், தானே இரண்டு கட்டுப் புல்லைத் தலைமேல் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"இதுல ஆரம்பி," என்றாள்.

*

ஒரே நாளில் ஒரே பிழையைப் பதினேழு வாசலில் சொல்வது எப்படி என்பதை மாதூமோ அன்று கற்றாள். முதல் மூன்று வாசலில் நாக்கு ஒட்டிக்கொண்டது. ஐந்தாவதில் குரல் உடைந்தது. எட்டாவதுக்குப் பிறகு வார்த்தைகள் குறைந்தன. சுற்றி வளைக்கத் தோன்றவில்லை. "ஏப்ரல்ல பச்சைப் புல்ல நான் திருட்டுத்தனமா அறுத்தேன். அதான் கூரை அழுகிடுச்சு. செகோபே தைச்சதுல ஒரு குறையும் இல்ல. கெனுவே பிரசவத்துக்கு வர்றா. புல்லு இருந்தா குடுங்க."

சிலர் கேள்வி கேட்காமல் கொடுத்தார்கள். ஒரு கிழவர் தன் கோழிக்கூட்டின்மேல் கிடந்த கட்டை உருவிக் கொடுத்து, கோழிகளிடம் மன்னிப்புக் கேட்டார். மாதா கோயில் பாடகர் குழுவின் தலைவி, "பொய் சொன்ன வீட்டுக்கு என் புல்லு எதுக்கு?" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். மாதூமோ அந்தச் சாத்திய கதவுக்கும் ஒரு வணக்கம் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

ராமோசாவின் வாசலைக் கடைசிக்கு வைத்திருந்தாள்.

அவன் பட்டியில் மாடுகளுக்கு நடுவே நின்றான். அவள் சொல்லச் சொல்ல, அவன் முகத்திலிருந்த காலைச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"அப்ப என் சிவப்பி மேயல," என்றான்.

"மேயலண்ணே."

"நான் அத அடிச்சேன்." அவன் பக்கத்தில் நின்ற சிவப்புப் பசுவின் கழுத்தில் கை வைத்தான். "கூட்டத்துல அத்தன பேர் முன்னால நின்ன கோவத்துல வீட்டுக்கு வந்து அடிச்சேன். ரெண்டு வருஷமா இது எங்கிட்ட சரியா மூஞ்சி குடுக்கறதில்ல. கிழடாயிடுச்சு போலன்னு நினைச்சேன்."

மாதூமோ தலைகுனிந்து நின்றாள்.

"உன் புருஷன வேற இத்தன நாளா..." ராமோசா தாடையைச் சொறிந்தான். "காலையில சல்லடைன்னேன். கேட்டிருப்பான்."

"கேட்டாரு."

"ஒண்ணும் சொல்லலியா?"

"நான் இதச் சொன்னப்புறம் ஒண்ணுமே பேசல. என்கிட்டயும்."

ராமோசா ஒரு பெருமூச்சு விட்டான். பட்டிக்குப் பின்னால் போய், ஆறு கட்டுப் புல்லை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து தன் கழுதைமேல் ஏற்றினான். அவள் மற்ற வீடுகளில் வாங்கி வந்து அவன் பட்டிச் சுவரோரம் சாத்தியிருந்ததையும் சேர்த்து ஏற்றினான்.

"சும்மா குடுக்கறேன்னு நினைக்காத," என்றான், கயிற்றை இறுக்கியபடி. "ஞாயித்துக்கிழமை கூட்டத்துல எங்கிட்ட மன்னிப்புக் கேக்க வேணாம். நான் வாயாடி, எனக்கு அது தேவைதான். சிவப்பிகிட்ட கேக்கணும். பேரச் சொல்லி. நான் ஓட்டிக்கிட்டு வருவேன்."

"கேக்கறேன்," என்றாள் மாதூமோ. அவள் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

*

வீட்டை நெருங்கியபோது வெயில் மேற்கே சாயத் தொடங்கியிருந்தது. கழுதையை முற்றத்துக்குள் ஓட்டி வந்த மாதூமோ அப்படியே நின்றாள்.

குடிசையின் தெற்குப் பக்கத்தில் கூரையே இல்லை. அழுகிய புல் முழுவதும் உரித்து எடுக்கப்பட்டு, முற்றத்தின் ஓரத்தில் கறுப்புக் குவியலாகக் கிடந்தது. வெறும் கழிகளும் மூங்கில் பட்டிகளும் விலா எலும்புபோல் தெரிந்தன. நடுவே, கால்களை இரு கழிகளில் ஊன்றி, செகோபே உட்கார்ந்திருந்தான். அவன் எப்போது திரும்பி வந்தான் என்று அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை நேரமும் ஒற்றை ஆளாக உரித்திருக்கிறான் என்று மட்டும் தெரிந்தது.

உள்ளேயிருந்து மாமியாரின் குரல் வந்தது. "ஊசி வாங்க நான் ரெடி. ஆனா போன தடவ மாதிரி என் கட்டைவிரலக் குத்தினா, உன்னப் பெத்ததுக்கு நான் தனியா ஒரு ஜெபம் சொல்ல வேண்டியிருக்கும்."

செகோபே கழுதையைப் பார்த்தான். கட்டுகளை எண்ணுவது உதட்டசைவில் தெரிந்தது. இருபத்தாறு. மனைவியைப் பார்க்கவில்லை. கையை மட்டும் கீழே நீட்டினான்.

அவள் ஏணியில் நின்று முதல் கட்டை எடுத்துக் கொடுத்தாள். அவன் அதிலிருந்து ஒரு தாளை உருவி, காதோரம் கொண்டுபோய் ஒடித்தான். நன்றாக உலர்ந்த புல் சுள்ளிபோல் சத்தத்தோடு ஒடியும். பச்சை தங்கிய புல் வளையும், முனகும், நாராகத் தொங்கும். முதல் தாள் ஒடிந்தது. அவன் கட்டைப் பரப்பி, ஊசியைச் செலுத்தினான்.

"வந்துச்சாம்மா?"

"வந்துச்சு. கட்டைவிரலும் இருக்கு."

ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு தாள். தலைவியின் புல்லுக்கும் ஒன்று, கோழிக்கூட்டுப் புல்லுக்கும் ஒன்று. ஊரில் யாரையும் அவன் சந்தேகப்படவில்லை. ஆனால் தங்கையின் தலைக்குமேல் வரப்போகும் எதையும் கேட்காமல் வைப்பதாக இல்லை. ராமோசாவின் கட்டு வந்தபோது மட்டும், "இது யாரு குடுத்தது?" என்று புல்லைப் பார்த்தே கேட்டான்.

"ராமோசா அண்ணே. ஆறு கட்டு."

"என்ன சொன்னான்?"

"காலையில சல்லடைன்னதுக்கு வருத்தப்பட்டாரு."

அவன் அந்த ஆறு கட்டையும் மற்றவற்றைவிட நேர்த்தியாகத் தட்டிச் சேர்த்தான்.

இருபத்தாறும் முடிந்தபோது, கூரையின் மேல்பக்கத்தில் ஒரு கதவளவுக்கு மேல் திறந்தே கிடந்தது. அதற்கு அப்பால் தெற்குமலையின்மேல் மேகம் தாழ்ந்து, கம்பளி விரித்ததுபோல் உட்கார்ந்திருந்தது. காற்று நின்றுவிட்டது. பனிக்கு முன்னால் அப்படித்தான் நிற்கும்.

மாதூமோ ஏணியிலிருந்து இறங்கிச் சமையல் குடிசைக்குப் போனாள். பின்சுவரில், அந்தக் குடிசைக்கென்று அவள் எடுத்துவைத்திருந்த ஐந்து கட்டு சாத்தியிருந்தது. இரண்டு நடையாகத் தூக்கி வந்து, ஒன்றை மேலே நீட்டினாள்.

அவன் அதைக் கையில் வாங்கியதும் நின்றான். கட்டின் இடுப்பில் சுற்றியிருந்த புல்கயிற்றின் முடிச்சு அவனுக்குத் தெரிந்த முடிச்சு. காலையிலிருந்து முதல் தடவையாக அவளைப் பார்த்தான்.

"இது நீ அறுத்ததா?"

"ஆமா. போன ஜூன்ல. தலைவியம்மா திறந்த அன்னைக்கு, எல்லாரோடயும்."

அவன் ஒரு தாளை உருவினான். காதோரம் வைத்து ஒடித்தான். ஒடிந்தது. போதும் என்று அவள் நினைத்தாள். அவன் இன்னொன்றை உருவினான். அதுவும் ஒடிந்தது. மூன்றாவதைக் கட்டின் நடுவிலிருந்து, கைவிட்டுத் தேடி எடுத்தான்.

அவளுக்கு வலித்தது. வலித்த இடத்திலேயே ஏதோ ஒன்று இளகவும் செய்தது. இனிமேல் பல நாளைக்கு அவன் இப்படித்தான் ஒடித்துப் பார்ப்பான். அவள் சொல்லும் சொல்லையும், கொண்டுவரும் பொருளையும். பார்க்கட்டும். பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தால் அல்லவா பயப்பட வேண்டும்? கடவுளே, ஒவ்வொரு தாளும் ஒடிகிற சத்தம் அவர் காதில் விழட்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டாள்.

நான்காவது தாளும் சுத்தமாக ஒடிந்தது.

"சரி," என்றான் செகோபே. கட்டைப் பரப்பி, ஊசியை எடுத்தான். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான். "அம்மா, நீங்க பிள்ளையப் பாத்துக்குங்க. ஊசிய அவ வாங்கட்டும்."

"அப்பாடா," என்றாள் மாமியார் உள்ளேயிருந்து.

மாதூமோ மிச்சமிருந்த நாலு கட்டையும் அவன் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்துவிட்டு, உள்ளே போய்ப் பெட்டிமேல் ஏறினாள். இந்த நாலும் முடிந்தாலும் இன்னும் ஒன்பது கட்டு குறையும். அதற்கு எங்கே போவதென்று இருவருக்கும் தெரியாது. திறந்த கழிகளின் ஊடாக இப்போதைக்கு அவன் முகம் அவளுக்குத் தெரிந்தது. அவன் புல்லை விரித்ததும் மறைந்தது.

ஊசியின் முனை உள்ளே வந்தது.

"வந்துச்சா?"

"வந்துச்சு," என்றாள் அவள்.